பட்டியல் போடும்போது எங்களையும் உட்கார வையுங்கள்: குடியிருப்போர் கூட்டமைப்பின் கோரிக்கை மனு

அனுப்புநர்
ஒருங்கிணைப்பாளர்,
குடிசைப் பகுதி மற்றும் மறுகுடியமர்வுக் குடியிருப்போர் சங்கங்கள் சேர்ந்த மாநிலக் கூட்டமைப்பு,
சென்னை.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை,
தலைமைச் செயலகம், புனித ஜார்ஜ் கோட்டை,
சென்னை - 600 009.

பொருள்: குடிசைப் பகுதிக் குடும்பங்களைக் கணக்கெடுப்பதிலும் மறுகுடியமர்த்துவதிலும் குடியிருப்போர் கூட்டமைப்புக்கு முறையான இடம் கோருதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவள். வீட்டு வேலை செய்து பிழைக்கிறேன். 2015 வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தெருவையே காலி செய்து, நகரத்துக்கு வெளியே ஒரு மாடிக் குடியிருப்பில் குடி வைத்தார்கள். இந்த ஆண்டு எங்கள் கூட்டமைப்பின் ஒருங்கிணைப்பாளராக இருப்பதால் இந்த மனுவை எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. இதில் உள்ளது எல்லாம் ஊர் ஊராக உட்கார்ந்து பேசி, எல்லாரும் சேர்ந்து ஒத்துக்கொண்டது.

முதலில் பட்டியலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு வருகிற தொல்லைகளில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் பழைய தெருவில் கணக்கெடுக்க வந்தவர்கள் காலை பதினொரு மணிக்கு வந்தார்கள். அந்த நேரத்தில் தெருவில் யார் இருப்பார்கள்? பெண்கள் வீட்டு வேலைக்கும் ஆண்கள் கட்டட வேலைக்கும் போயிருப்பார்கள். பூட்டிக் கிடந்த கதவுகளில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு குறி போட்டார்கள். பட்டியலில் 'பூட்டிய வீடு' என்று எழுதிக்கொண்டு போனார்கள். அந்த இரண்டு வார்த்தையை நீக்க எங்கள் பக்கத்து வீட்டு அம்மா ஒன்றரை வருடம் அலைந்தார். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, மகனின் பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு துணிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போகாமல், ஒவ்வொரு மேசையாக நின்றார். கடைசியில் கிடைத்தது. ஆனால் அந்த ஒன்றரை வருடமும் வாடகை கொடுத்தவர் அவர்தான்.

இதைப் பார்த்த பிறகுதான் நாங்களே கணக்கெடுக்கத் தொடங்கினோம். எங்கள் பகுதியில் ஒரு அக்கா இருக்கிறார், ஐந்தாம் வகுப்புதான் படித்தவர். கோடு போட்ட நீள நோட்டு ஒன்றை வாங்கி, ராத்திரி எட்டு மணிக்கு மேல், எல்லாரும் வீடு திரும்பிய பிறகு கதவைத் தட்டுவார். "வீடு எத்தனை?" என்று கேட்க மாட்டார். "அடுப்பு எத்தனை?" என்றுதான் கேட்பார். ஒரே கூரைக்கு அடியில் மாமியார் தனியாக உலை வைப்பார், கல்யாணமான மகன் தனி அடுப்பு, பின்னால் தார்ப்பாய் இழுத்துக் கட்டிய இடத்தில் மகள் தனி அடுப்பு. கதவு எண்ணைப் பார்த்தால் ஒரு வீடு, அடுப்பைப் பார்த்தால் மூன்று குடும்பம். எண்ணி முடித்ததும் ஞாயிற்றுக்கிழமை கோயில் திண்ணையில் உட்கார்ந்து பெயர்களைச் சத்தமாக வாசிப்பார். "என் தம்பி பெயரை விட்டுட்டீங்களே" என்று அங்கேயே குரல் வரும். "அவங்க இங்க இல்லையே, போன வருஷமே ஊருக்குப் போயிட்டாங்களே" என்றும் வரும். இரண்டையும் அங்கேயே திருத்துவார். பொய்யாகச் சேர்ந்த பெயர் தெரு முன்னால் நிற்காது. இந்த முறையைத்தான் இப்போது எங்கள் கூட்டமைப்பில் உள்ள எல்லாப் பகுதியிலும் கடைப்பிடிக்கிறோம்.

எங்களுக்குக் கட்டடமோ பெயர்ப் பலகையோ கிடையாது. ஒரு பகுதியில் இடிப்பு என்று தெரிந்தால், முன்னமே அந்த அனுபவம் பட்டவர்கள் அங்கே போய் விண்ணப்பம் எழுதிக் கொடுப்போம். இந்தப் பழக்கம் மெல்ல வளர்ந்து கூட்டமைப்பானது. சென்னையில் மறுகுடியமர்வுப் பகுதிகளான கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் பெண்கள் இருக்கிறார்கள். கோவையில் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி, மதுரையில் ராஜாக்கூர் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். இன்னும் ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் இருப்பவர்களும் உண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு பேர், அதில் ஒருவராவது பெண். ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு ஆண்டுக்கு ஒருவர் என்று மாறும். கட்சிப் பதவியில் இருப்பவர் இந்தப் பொறுப்புக்கு வரக் கூடாது. வீடு வாங்கித் தருகிறேன் என்று யாரிடமாவது ஒரு ரூபாய் வாங்கினால் அன்றோடு அவருக்கும் எங்களுக்கும் தொடர்பு இல்லை. இந்த விதியைப் பயன்படுத்தி எங்களில் இருவரை நீக்கியும் இருக்கிறோம். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

குடும்பங்கள் புது இடத்துக்குப் போன பிறகும் வேலை முடிவதில்லை. ரேஷன் கடை மாற்றம், எரிவாயு இணைப்பு மாற்றம், ஆதாரில் முகவரி மாற்றம், பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம். முகவரி மாறும்போது முதியோர் உதவித்தொகை நின்றுபோனால் மறுபடி வாங்கித் தருவது தனி வேலை. இவை எதற்கும் நாங்கள் சம்பளம் கேட்கவில்லை. ஆனால் ஒரு அலுவலகத்தில் "நீங்க யாரு? எந்த அதிகாரத்துல கேக்குறீங்க?" என்று கேட்டால் காட்ட எங்களிடம் ஒரு தாளும் இல்லை. இந்த மனு அந்தத் தாளுக்காகத்தான்.

அய்யா, இந்த மாநிலத்துக்கு இது புது விஷயம் கிடையாது. ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்ற வாசகத்தோடு 1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே குடிசைப் பகுதிகள் சட்டமும் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் சென்னையில் 1971-ல் 1,202 பகுதிகள் குடிசைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. 1985-ல் மேலும் 17 சேர்ந்தன. அப்புறம் பல வருடங்கள் புதிதாக அறிவிப்பே இல்லை. அறிவிக்கப்பட்ட பகுதிக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. அறிவிக்கப்படாத பகுதியில் முப்பது வருடம் வாழ்ந்தாலும் பெயர் 'ஆக்கிரமிப்பாளர்'தான். பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருப்பவர்களுக்கு இப்படி இரண்டு வகை வாழ்க்கை இருப்பதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். வாரியத்தின் பெயர் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியபோது எங்கள் பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். வாழ்விடம் நல்ல சொல். அதற்குள் வேலைக்குப் போகும் வழியும் பிள்ளையின் பள்ளியும் அடங்கும்.

வேலை என்றதும் தூரம் வந்துவிடுகிறது. 1977-ல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் பகுதிகளில் மனைகளைப் பிரித்து, தண்ணீரும் சாலையும் போட்டு, வீட்டை மக்களே கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொள்ள விட்டார்கள். இன்று அந்தத் தெருக்களில் நடந்தால் மற்றத் தெருக்களுக்கும் அவற்றுக்கும் வித்தியாசம் தெரியாது. நகரத்துக்குப் பக்கத்தில் இடமும் கையில் பத்திரமும் இருந்தால் ஏழைக் குடும்பம் தானே எழுந்து நிற்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. 2000-க்குப் பிறகு வழி மாறியது. கண்ணகி நகரில் மட்டும் பதினைந்தாயிரத்துக்கும் அதிகமான வீடுகள், அப்புறம் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். மயிலாப்பூரில் நான்கு வீடு பெருக்கித் துடைப்பவர் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிப் போனால் காலை நாலரைக்கே எழுந்து முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நான்கு வீடு இரண்டாகக் குறையும். 2021 முதல் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவி, அதை மனசாரச் சொல்கிறோம். ஆனால் டிக்கெட் காசு மிச்சமானாலும் நேரம் மிச்சமாகவில்லை. போக வர ஆகும் மூன்று மணி நேரமும் பிள்ளைகள் தனியாகத்தான் இருக்கின்றன.

பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-ல் உச்ச நீதிமன்றம், பிழைப்புக்கான உரிமை வாழும் உரிமையில் அடங்கும் என்று சொன்னது. ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று எங்கள் கூட்டங்களில் இதைத்தான் சொல்லித் தருகிறோம். அந்தத் தீர்ப்பு யாரையும் எப்போதும் அகற்றவே கூடாது என்று சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். முன்னறிவிப்பு கொடு, அவர்கள் பேச்சைக் கேள் என்பது அதில் இருக்கிறது. எங்களுக்கு அது போதும்.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது ஒருவர் தீக்குளித்து இறந்துபோனார். அந்தக் குடும்பங்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளிலேயே வீடு ஒதுக்கப்படும் என்று அப்போது சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். பக்கத்திலேயே இடம் தர முடியும் என்று அரசே சொன்ன நாள் அது. ஒரு உயிர் போன பிறகு கிடைத்த அந்த வார்த்தை, அடுத்த பகுதிக்கு உயிர் போகும் முன்பே கிடைக்க வேண்டும்.

மாடிக் குடியிருப்புகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் கூட்டமைப்பில் உள்ள ஒரு குடியிருப்பில், ஆறாவது மாடியில் ஒருவர் இருந்தார். வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போக வேண்டியவர். மூன்று வாரம் லிஃப்ட் ஓடவில்லை. பிளாக்கில் இருந்த பையன்கள் நான்கு பேர் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி இறக்கினார்கள். ஒரு நாள் மூன்றாவது மாடித் திருப்பத்தில் நாற்காலியின் கால் விரிசல் விட்டது. இடுப்புத் துண்டை அவிழ்த்துச் சுற்றிக் கட்டிக்கொண்டு மீதி மூன்று மாடியையும் இறங்கினார்கள். அவர் இறங்கும் வரை கண்ணைத் திறக்கவே இல்லை. 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டத்தில் சங்கம் வசூலிக்கும் தொகைக்கு இணையாக அரசும் போடுவது நல்ல ஏற்பாடு. படிக்கட்டு கூட்டுவது, விளக்கு மாற்றுவது எல்லாம் அதில் நடக்கும். லிஃப்ட்டும் தண்ணீர் மோட்டாரும் அந்தக் காசுக்குள் அடங்காது. உயரமாகக் கட்டும் முடிவை நாங்கள் எடுக்கவில்லை. அந்த இரண்டின் பராமரிப்பையும் அரசே ஏற்க வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள் இவைதான். எந்தப் பகுதியில் கணக்கெடுத்தாலும் கூட்டமைப்பின் பகுதிப் பிரதிநிதிகள் உடன் இருக்கும்படி அரசாணை வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேலோ விடுமுறை நாளிலோ எடுக்க வேண்டும். அடுப்பை வைத்துக் குடும்பத்தை எண்ண வேண்டும். பூட்டிய வீட்டுக்கு மூன்று முறையாவது திரும்பி வர வேண்டும். பட்டியலை அந்தத் தெருவிலேயே தமிழில் சத்தமாக வாசித்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே அது இறுதியாக வேண்டும். ஜூன் முதல் ஏப்ரல் வரை, பள்ளி நடக்கும் மாதங்களில், எந்தக் குடும்பத்தையும் வெளியேற்றக் கூடாது. இதில் மட்டும் விலக்கே வேண்டாம் என்று கேட்கிறோம். பொதுத் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது புத்தகப் பையை லாரியில் ஏற்றிய பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். புது இடம் வேலைக்குப் போய் வரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும், ஒதுக்கீட்டு ஆணை குடும்பத் தலைவியின் பெயரில், சாமான் ஏற்றும் முன்பே கையில் கிடைக்க வேண்டும். அறிவிக்கப்படாமல் விடுபட்ட பகுதிகளை 1971 சட்டத்தின் மூன்றாம் பிரிவின் கீழ் அறிவிக்கும் வேலையை மாவட்டம் மாவட்டமாகத் தொடங்க வேண்டும்.

இவற்றைக் கண்காணிக்க மாநில அளவில் ஒரு குழு அமைத்து, அதில் பாதி இடம் குடியிருப்பாளர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, ஒதுக்கும்படி கேட்கிறோம். கூட்டத்தை வேலை நாளில் காலையில் வைத்தால் எங்களுக்கு ஒரு நாள் கூலி போகும். மாலையில் வைத்தால் வருவோம், அல்லது அந்த நாளின் கூலியைக் கொடுங்கள். கூட்டக் குறிப்பு தமிழில் வேண்டும்.

எங்கள் பக்கத்திலிருந்து நாங்கள் தருவதும் உண்டு. எங்கள் நோட்டுகளை உங்கள் அலுவலர்கள் எப்போது கேட்டாலும் காட்டுவோம். தகுதியில்லாத பெயர் எங்கள் பட்டியலில் இருந்தால் நாங்களே நீக்குவோம். குடிபெயரும் நாளில் ஒவ்வொரு பிளாக்குக்கும் இரண்டு பேரை நிறுத்தி, வயதானவர்களையும் கர்ப்பிணிகளையும் முதலில் கீழ்த்தளத்தில் குடி வைக்க உதவுவோம்.

தாங்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் எங்கள் பிரதிநிதிகள் ஐந்து பேர் நேரில் வந்து பேசத் தயாராக இருக்கிறோம். நீள நோட்டு வைத்திருக்கும் அந்த அக்காவும் வருவார். நேரம் குறித்துத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒருங்கிணைப்பாளர்
மற்றும் பகுதிப் பிரதிநிதிகள்.

இணைப்பு: பகுதிவாரியாகக் குடும்பப் பட்டியல் நோட்டுகளின் நகல், பிரதிநிதிகளின் கையெழுத்துத் தாள்கள்.