அன்புள்ள அரவிந்துக்கு

கண்ணா,

போன்ல "ம்", "சரிம்மா", "அப்புறம் கூப்பிடுறேன்"னு மூணே பேச்சுல முடிச்சிடுற. அதான் உட்கார்ந்து எழுதுறேன். இதை நீ பாதியில மூடி வெச்சாலும் எனக்குத் தெரியப்போறதில்லை.

நல்ல கிரேடு வாங்கினவங்க பட்டியல்ல, அதான் அந்த டீன்ஸ் லிஸ்ட்ல, உன் பேர் வந்த மெயிலை அப்பா பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கார். யாருக்கும் காட்ட மாட்டாராம், ஆனா அது ஹால் மேஜை மேலேயேதான் கிடக்கு. பெரியப்பா வந்த அன்னிக்கு மட்டும் எடுத்து பீரோவுக்குள்ள வெச்சார். ஏன்னு உனக்குத் தெரியும். எனக்கும் சந்தோஷம்தான், சொல்லாம இருக்க முடியுமா? ஆனா நேரத்துக்குத் தூங்கு. ராத்திரி ரெண்டரைக்கு நீ ஆன்லைன்ல இருக்கிறது இங்க தெரியுது.

முகில் எப்படி இருக்கான்?

போன தடவையும் கேட்டேன். நீ எலெக்டிவ் பத்திப் பேச ஆரம்பிச்சிட்ட. பிசினஸ் ஸ்கூல் சேர்ந்த முதல் டெர்ம்ல வாய்க்கு வாய் முகில்தான். அக்கவுண்டன்சி நீ அவனுக்குச் சொல்லித் தர்றே, ஸ்டாடிஸ்டிக்ஸ் அவன் உனக்கு. இப்போ கொஞ்ச நாளா அந்தப் பேரையே காணோம். சரி, பெரிய பசங்க, உங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும். நான் கேக்கலை.

"ஆர்ஜி பண்றானுங்கம்மா"ன்னு நீ முதல்ல சொன்னப்போ ஏதோ கெட்ட பழக்கம்னு பயந்துட்டேன். ரிலேட்டிவ் கிரேடிங், அதாவது வாங்கின மார்க்கை மட்டும் பார்க்காம வகுப்புல மத்தவங்களோட ஒப்பிட்டு கிரேடு போடுறது, அதுல மத்தவனை முந்தப் பண்ற வேலைதான் ஆர்ஜின்னு அப்புறம்தான் விளக்கினே. ஒண்ணுமே படிக்கலைன்னு சொல்லிட்டு விடிய விடிய படிக்கிறது, நல்ல நோட்ஸ் கையில இருந்தும் குரூப்ல போடாம இருக்கிறது, வகுப்புல பேசுறதுக்குக் கொடுக்கிற சிபி மார்க்குக்காக ஒருத்தன் பேசி முடிக்கிறதுக்குள்ள கை தூக்கி அவன் பாயிண்டையே உடைக்கிறது. அப்போ சிரிச்சுக்கிட்டே சொன்ன. இப்போ அதைப் பத்தி நீ சிரிக்கிறதில்லைங்கிறதைக் கவனிச்சேன்.

அதனால நானே கொஞ்சம் படிச்சுப் பார்த்தேன். முறை முழுக்கத் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஒரு வாத்தியார் எல்லாருக்கும் அள்ளிக் கொடுப்பார், இன்னொருத்தர் கையை இறுக்குவார், ஒரு பேப்பர் கல்லு மாதிரி இருக்கும். நீயே நூத்துக்கு 41 வாங்கி ஏ கிரேடு வாங்கினியே, அது ரிலேட்டிவ் கிரேடிங் புண்ணியம்தான். ஆனா எத்தனை சதவீதம் பேருக்கு எந்த கிரேடுன்னு சொல்ற அந்த வளைவு பசங்களைப் பார்த்த பிறகு வரையுறதில்லை, வகுப்பு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வரைஞ்சு வெச்சது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல்ல ஒரு செக்‌ஷனுக்குச் சுமார் 90 பேர். மேல இருக்கிற 15-லிருந்து 20 சதவீதம் பேருக்கு முதல் கிரேடு, அடியில சுமார் 10 சதவீதம் பேருக்குக் கடைசி கிரேடு. அந்தத் தொண்ணூறு பேருமே அதுவரைக்கும் படிச்ச இடத்துல முதல் வரிசை. அதுல யாரோ ஒன்பது பேர் கீழே இருந்தே ஆகணும். நல்லா படிச்சா மட்டும் அந்த ஒன்பது குறையாது.

எங்க ஆபீஸ்லயும் ஆளுங்களை மதிப்பிடுறது இதே வளைவை வெச்சுதான், பெல் கர்வ்னு சொல்லுவாங்க. எங்க டீம்ல எட்டு பேர். எட்டுல பத்து சதவீதம்னா முழு ஆள்கூட இல்லை, ஆனாலும் வருஷா வருஷம் ஒருத்தர் அடியில. பேரை முதல்ல முடிவு பண்ணிட்டு அப்புறம்தான் காரணம் எழுதுவாங்க. "முன்முயற்சி போதாது"ன்னு ஒரு வரி இருக்கு பாரு, அது யாருக்கும் பொருந்தும். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனித் தலைவரா இருந்த ஜாக் வெல்ச் வேலை செய்றவங்களை மேல 20, நடுவுல 70, அடியில 10 சதவீதம்னு பிரிச்சு, அந்தப் பத்தை வெளியே அனுப்பினதை உங்க பாடத்துலயே சொல்லித் தருவாங்க. மைக்ரோசாஃப்ட்லயும் இப்படி வரிசை போட்டாங்க, 2013-ல வேண்டாம்னு எடுத்துட்டாங்க. பக்கத்து சீட்டுக்காரனுக்கு உதவினா தனக்கே நஷ்டம்னு ஆனப்புறம் யார் கூடி வேலை செய்வாங்க?

நீ சொல்ற கணக்கும் எனக்குத் தெரியும். "ஒன்பதாவதுக்கு ஏ, பத்தாவதுக்கு பி, நடுவுல அரை மார்க்தாம்மா." சரி. ஆனா ஒருத்தனுக்குச் சொல்லிக் கொடுத்தா நீ அதிகபட்சம் ஒரு இடம்தான் இறங்குவ. அவனும் திருப்பி உனக்குச் சொல்லிக் கொடுத்தா ரெண்டு பேருமா உங்க அறுபது பேர் வகுப்புல மத்த ஐம்பத்தெட்டு பேரைத் தாண்டுவீங்க. முதல் டெர்ம்ல நடந்தது அதுதானே? உன் ஸ்டாடிஸ்டிக்ஸ் மார்க் எங்கேயிருந்து வந்துச்சு? அந்த அரை மார்க்கும் அதே பேப்பரை வாத்தியார் வேற ஒரு நாள் திருத்தினா மாறிடும்.

ஒண்ணு படிச்சதை உனக்குச் சொல்லியே ஆகணும். பிசினஸ் ஸ்கூல் இல்லை, அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யுனிவர்சிட்டில கம்ப்யூட்டர் வகுப்பு, 2012 கடைசி. அங்க ஒரு புரொபசர் வகுப்புலயே அதிகமான மார்க் எதுவோ அதை நூறுன்னு வெச்சு மத்தவங்களைக் கணக்கு பண்ணுவார். பசங்க யோசிச்சாங்க. யாருமே எழுதலைன்னா அதிகமான மார்க் பூஜ்யம், அப்போ எல்லாருக்கும் நூறு. ஃபைனல் பரிட்சை அன்னிக்கு அத்தனை பேரும் ஹாலுக்கு வெளியே வந்து நின்னாங்க. யாராவது ஒருத்தர் உள்ள போனா தாங்களும் போய் எழுதிடணும்னுதான் அங்கேயே காத்திருந்தாங்க. ஒருத்தரும் போகலை. அவரும் சொன்ன சொல்லைக் காப்பாத்தி எல்லாருக்கும் ஏ போட்டார், அடுத்து விதியையும் மாத்திட்டார். அப்பா இதைக் கேட்டுட்டு "படிக்காம ஏ வாங்கினதுக்கு இவ்வளவு பெருமையா"ன்னார். அவர் அப்படித்தான். எனக்கு அந்த வாசல்தான் ஞாபகத்துல நிக்குது. உள்ள போக வேண்டியது ஒரே ஒரு ஆள்தான், அத்தனை பேர் போட்ட திட்டமும் போச்சு. அந்த ஆள் வரவே இல்லை பாரு.

அமெரிக்காவுல வார்ட்டன் பிசினஸ் ஸ்கூல்ல 1994-லேயே பசங்க ஓட்டுப் போட்டு, கம்பெனிக்காரங்ககிட்ட கிரேடு சொல்றதில்லைன்னு முடிவு பண்ணியிருக்காங்க. உங்க காலேஜ்ல அதெல்லாம் இல்லை, ஷார்ட்லிஸ்ட்டே கிரேடு பார்த்துதான்னு சொல்லுவ. ஒத்துக்கிறேன். பயப்படாதேன்னு நான் சொல்லலை. பயந்தாலும் தூங்கு.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். செவ்வாய்க்கிழமை முகிலோட அம்மா கூப்பிட்டாங்க. குறை சொல்லக் கூப்பிடலை, அவங்க அந்த மாதிரி ஆள் இல்லைன்னு உனக்கே தெரியும். அவனுக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்ததை நீ என்கிட்ட சொல்லவே இல்லையே? மார்க்கெட்டிங் ப்ராஜெக்ட்டுல பியர் ரேட்டிங், அதான் குரூப்ல இருக்கிறவங்களே ஒருத்தருக்கொருத்தர் மார்க் போடுறது, வந்துச்சாம். குரூப்ல அஞ்சு பேர். மூணு பேர் அவனுக்கு நல்லாவே போட்டிருக்காங்க, ஒருத்தர் மட்டும் ரொம்பக் கீழே. பேர் வெளியே வராதாம். அவன் யாரையும் சொல்லலை, அவங்களும் சொல்லலை. "அரவிந்த் நல்லா இருக்கானா, அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிறாங்களா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

நான் "நல்லா இருக்கான்"னு சொல்லிட்டேன். ரெண்டாவது கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை.

நீதான் போட்டேன்னு நான் சொல்லலை. வேற யாராவதா இருக்கலாம். அவன் வேலையே செய்யலை, நீ ராத்திரி பூரா முழிச்சு ரெண்டு பேர் ஸ்லைடையும் போட்டேன்னாலும் அதுல நியாயம் இருக்கு, அதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லலாம். யாரும் பார்க்காத ஃபார்ம்ல சொல்றது நம்ம வீட்டுல யாருக்கும் பழக்கமில்லை. தாத்தா அந்தக் கேரம் போர்டை எடுத்து வெச்ச நாள் உனக்கு ஞாபகம் இருக்கும், மேல எழுதத் தேவையில்லை. அன்னிக்கு ஆறு வயசுல நீயே போய் கார்த்திகிட்ட சொன்ன. நாங்க யாரும் உன்னைப் போகச் சொல்லலை. அந்தப் பிள்ளையைத்தான் நான் ஊரெல்லாம் பெருமையா சொல்லிக்கிட்டு இருக்கேன், டீன்ஸ் லிஸ்ட் எல்லாம் அதுக்கு அப்புறம்.

திட்டுறேன்னு நினைக்காதே. திட்டணும்னா போன்லயே திட்டியிருப்பேன்.

அடுத்த டெர்ம் குரூப் எப்படிப் பிரிப்பாங்க, சீட்டுக் குலுக்கியா, நீங்களே சேர்ந்துக்கிறதா? நீங்களேன்னா பேர் கொடுக்கிறதுக்கு முன்னாடி அவன் ரூம்ல போய்க் கொஞ்ச நேரம் உட்காரு. கிரேடைப் பத்திப் பேச வேண்டாம். காய்ச்சல் எப்படி இருக்குன்னு கேளு, லேட்டுதான், பரவாயில்லை. விட்டுப்போன கிளாஸ் நோட்ஸ் அவனுக்குக் கிடைச்சுதான்னு கேளு. நேரத்துக்குத் தூங்கு, இதை மூணாவது தடவையா எழுதுறேன்.

அவங்க அம்மா ஞாயித்துக்கிழமை மறுபடி கூப்பிடுறேன்னு சொல்லியிருக்காங்க. அதுக்கு முன்னாடி நீ கூப்பிடு. அவங்ககிட்ட என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியணும்.

அம்மா