திறன்பலகை வாங்குவதற்கு முன்னால்

பட்டர்வொர்த், மலேசியா

அன்புத் தோழி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கட்டுரை நோட்டுகளைத் திருத்தி முடித்து இன்றுதான் உட்கார்ந்தேன். அம்மா நலம். உன் முட்டிவலி குறைந்ததா?

உங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பணம் திரட்டியிருக்கிறது, வகுப்புக்குத் திறன்பலகை (ஸ்மார்ட் போர்டு) வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். நாம் இருவரும் எத்தனையோ பார்த்துவிட்டோம். 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறியபோது மடிக்கணினியும் புரொஜெக்டரும் வந்தன. அப்புறம் ஃபுரோக் விஎல்இ என்ற இணையக் கற்றல் தளம், பிறகு கூகுள் கிளாஸ்ரூம், 2020-இல் கல்வி அமைச்சின் டெலிமா தளம். எல்லாமே ஏதோ ஒரு வகையில் உதவின. ஆனால் அவற்றை நான் பயன்படுத்தியதெல்லாம் பிள்ளைகளுக்கு எதையாவது காட்டத்தான். அவர்கள் படிப்பதைக் கேட்க ஒரு கருவி உதவும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததே, அப்போதுதான் புரிந்தது. இயங்கலை வகுப்புக்குப் பாதிப் பேர்தான் வந்தார்கள். வீட்டில் ஒரே கைப்பேசி, மூன்று பிள்ளைகள். அப்பா வேலைக்குக் கிளம்பினால் அதுவும் கூடவே போய்விடும். வேறு வழி தெரியாமல், பாடநூலில் ஒரு பத்தியைப் படித்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்) குரல்பதிவாக அனுப்பச் சொன்னேன். இரவு பத்து மணிக்கும் வரும். பின்னால் மீன் பொரியும் சத்தம் கேட்கும், தம்பி அழுவான்.

அதில் ஒரு பையன், இரண்டாம் ஆண்டு. முதலாம் ஆண்டிலும் என் வகுப்புதான். வாயே திறக்கமாட்டான். அரை மணி நேரப் பாடவேளையில் முப்பது பேரையும் வாசிக்கவைக்க முடியுமா? எழுத்து அழகாக இருந்ததால் அவனைப் பற்றி நான் கவலைப்படவில்லை. முதல் பதிவைக் கேட்டபோது மனசு கனத்துப் போனது. எழுத்தெழுத்தாகக் கூட்டிக்கொண்டிருந்தான். வாழைப்பழம் 'வாலப்பளம்' ஆகியிருந்தது. ஓராண்டுக்கு மேல் என் கண்முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளை!

அதே பத்தியை நான் படித்து அனுப்பினேன். நாக்கை மடித்து ழகரம் சொல்வதைக் காணொளியாகவும் எடுத்து அனுப்பினேன். மறுநாள் ஆறு பதிவுகள் வந்தன. ஒவ்வொன்றின் முடிவிலும் "சரியா, டீச்சர்?" என்று கேட்டிருந்தான். அழித்து அழித்துப் பதிந்ததாக அவன் அம்மா சொன்னார். வகுப்பில் தப்பாகப் படித்தால் எல்லாருக்கும் கேட்டுவிடும். இங்கே அந்தப் பயம் இல்லை.

பள்ளி திறந்த பிறகும் வாரம் ஒரு பதிவு வாங்குகிறேன். சனிக்கிழமை காலையில் காப்பியோடு உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் முப்பது பேரையும் கேட்டுவிடலாம்.

குரல் தட்டச்சை வைத்தே உச்சரிப்பைச் சோதிக்கலாமே என்று இங்கே ஒருவர் சொன்னார். செய்து பார்த்தேன். பிள்ளை 'பளம்' என்று சொன்னாலும் திரையில் 'பழம்' என்றே வந்தது. சுற்றியுள்ள சொற்களை வைத்து ஊகித்துக்கொள்கிறது. நமக்குக் கடிதம் எழுத அது வசதிதான். பிள்ளையோ, சரியாகச் சொல்லிவிட்டோம் என்று நம்பிவிடும். அங்கே நம் காதுதான் வேண்டும்.

தமிழ்99 விசைப்பலகை எனக்குப் பிடித்திருக்கிறது. க, உ என்று தட்டினால் 'கு' வருகிறது. உயிர்மெய் உருவாவதைப் பிள்ளை தானே பார்க்கிறது. ஆனாலும் சின்ன வகுப்புகளில் கையெழுத்தை நான் விடமாட்டேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். திறன்பலகை பிறகு வரட்டும். முதலில் அந்தப் பணத்தில் நான்கைந்து கைக்கணினிகளும் (டேப்லெட்) மைக் உள்ள ஹெட்போன்களும் வாங்கி, நூலகத்தில் சத்தமில்லாத ஒரு மூலையில் வையுங்கள். வீட்டில் கைப்பேசி கிடைக்காத பிள்ளைகள் ஓய்வு நேரத்தில் அங்கே போய்ப் படித்துப் பதியட்டும். கேட்கும் பொறுப்பை ஆசிரியர்கள் பங்கிட்டுக்கொள்ளுங்கள். இதைச் சங்கக் கூட்டத்தில் நீயே பேசு, நீ சொன்னால் கேட்பார்கள்.

தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக் கோவிலுக்கு வருவாயல்லவா? அந்தப் பையன் இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். அவனுடைய முதல் பதிவும் ஆறாம் ஆண்டில் படித்ததும் என்னிடம் இருக்கின்றன. வா, போட்டுக் காட்டுகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் தோழி