டயலைக் கொஞ்சம் திருப்பச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய டிஜிட்டல் கேமராக்களைக் கல்லூரிப் பிள்ளைகள் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள் என்று நீங்கள் போட்ட செய்தியைப் படித்தேன், சந்தோஷம். ஆனால் எத்தனை மெகாபிக்சல், என்ன விலை என்பதோடு செய்தி முடிந்துவிட்டது. எந்த மோடில், அதாவது எந்த முறையில், படம் எடுப்பது என்று தேர்ந்தெடுக்கக் கேமராவின் தலையில் இருக்கும் அந்த வட்ட டயலைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

என் மகளும் பீரோவில் கிடந்த என் கேனான் பவர்ஷாட் ஏ570 ஐஎஸ்ஸை எடுத்து இரண்டு பென்சில் செல் போட்டுக்கொண்டு போன வாரம் உப்பளத்துக்குப் போனாள். 2007ல் வந்த மாடல், 7.1 மெகாபிக்சல்தான். நல்ல வெயில், கண் கூசுகிற மாதிரி வெள்ளைவெளேரென்று உப்புக் குவியல், ஆனால் படத்தில் பார்த்தால் சாம்பல் குவித்து வைத்த மாதிரி இருக்கிறது. கேமரா கெட்டுப்போச்சு அப்பா என்றாள். கெடவில்லை, டயல் எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்கிற ‘ஆட்டோ’ மோடில் இருந்தது, அவ்வளவுதான். எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துத்தான் கேமரா வெளிச்சத்தைக் கணக்குப் போடும், அதனால் வெள்ளை மங்கிவிடும், கருங்கல் சிலையோ எருமையோ எடுத்தால் வெளுத்துவிடும். டயலை ‘பி’க்குத் திருப்பி எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தின் அளவை, +1 என்று கூட்டிக் கொடுத்தேன். அடுத்த படத்தில் உப்பு உப்பாகவே இருந்தது.

இதைத்தான் எல்லாருக்கும் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். ‘பி’யில் ஷட்டரையும் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) அப்பர்ச்சரையும் (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையின் அளவு) கேமராவே பார்த்துக்கொள்ளும், எக்ஸ்போஷர், ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா உணரும் திறன்), வொயிட் பேலன்ஸ் (நிறச் சாயலைச் சரிசெய்வது) மூன்றும் நம் கைக்கு வந்துவிடும். கார்த்திகை விளக்கு வரிசையை எடுக்கும்போது ஃப்ளாஷை அணைத்து, ஐஎஸ்ஓவை 80ல் வைத்து, கேமராவைத் திண்ணையில் வைத்து 2 வினாடி டைமரில் எடுத்துப் பாருங்கள், சுடரின் மஞ்சள் அப்படியே வரும். ஃப்ளாஷ் அடித்தால் அந்த வெளிச்சமே செத்துப்போகும். பள்ளி ஆண்டு விழாவில் பின்வரிசையில் உட்கார்ந்து ஃப்ளாஷ் அடிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன், அது மூணு நாலு மீட்டருக்குமேல் போகாது, முன்வரிசைத் தலைகள்தான் பளிச்சென்று விழும்.

அப்புறம் ‘டிவி’ என்று போட்டிருப்பது தொலைக்காட்சி இல்லை, ஷட்டர் நேரத்தை நாமே வைப்பதற்கு. நிக்கான், சோனியில் அதுவே ‘எஸ்’. ஊஞ்சல் ஆடுகிற குழந்தைக்கு வெயிலில் 1/500 வினாடி வையுங்கள், கை கால் கலங்காது. ‘ஏவி’ அப்பர்ச்சருக்கு. இந்தச் சின்ன கேமராவில் அதை வைத்து முகத்துக்குப் பின்னால் எல்லாவற்றையும் மங்கலாக்கலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம், படத்தைப் பதியும் சென்சார் சிறிதாக இருந்தால் பின்புலம் அவ்வளவாக மங்காது, இதன் சென்சாரின் அகலம் 6 மில்லிமீட்டர்கூட இல்லை. பூப் படம் போட்ட பட்டன் கிட்டத்தில் ஃபோகஸ் பண்ணத்தான், பூந்தோட்டத்தைத் தூரத்திலிருந்து எடுக்கும்போது அதை அழுத்தினால் படம் தெளிவாக வராது.

கூட வந்த கையேடு ஆங்கிலத்தில் இருந்ததால் எங்கள் வீட்டில் யாரும் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பல வருஷம் ஆட்டோவிலேயே எடுத்தோம், ஃப்ளாஷ் தானாக அடித்து என் அம்மாவின் படங்கள் பாதி அப்படிச் சிவந்த கண்ணோடுதான் இருக்கின்றன. ஞாயிறு இணைப்பில் வாரம் ஒரு மோடு என்று தமிழில் அரைப் பக்கம் போடுங்கள். முதல் வாரம் ‘பி’யாக இருக்கட்டும்.

— ஒரு வாசகர், தூத்துக்குடி