சிவித்தாவில் ராத்திரி தங்கு

அன்புள்ள ராமநாதா,

கடிதம் வந்தது. சின்னவளுக்கு வேலை கிடைத்த சேதியில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

ரோமிலிருந்து சிவித்தா தி பான்யோரேஜோ என்ற அந்த இத்தாலியப் பழைய குன்றூருக்குக் காலையில் போய் மாலையில் திரும்புவதாகத் திட்டம் போட்டிருக்கிறாய். அதை மாற்று. பகல் முழுக்க அங்கே திருவிழாக் கூட்டம்தான். நீ தேடும் அமைதி சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், மறுநாள் காலை ஒன்பதுக்குள். நிரந்தரமாகக் குடியிருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு ராத்திரியாவது தங்கு. கிழமையைப் பார்த்துக்கொள்: ரயிலில் இறங்கும் ஓர்வியேத்தோ ஊரிலிருந்து, சிவித்தாவுக்குப் பக்கத்து ஊரான பான்யோரேஜோவுக்குப் போகும் கோத்ரால் கம்பெனி பஸ் ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளிலும் ஓடாது. டாக்சிக்குத் தண்டம் அழ வேண்டியதுதான்.

ரோம் தெர்மினி ஸ்டேஷனிலிருந்து ஓர்வியேத்தோவுக்குப் பாசஞ்சர் ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய ஆகும். காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் பிளாட்பாரத்து மெஷினில் முத்திரை குத்திக்கொள், மறந்தால் அபராதம். ஓர்வியேத்தோ ரயில் ஸ்டேஷன் வாசலுக்கே பஸ் வரும். பஸ் டிக்கெட்டை ஏறுவதற்கு முன்பே வாங்கிவிடு, திரும்புவதற்கும் சேர்த்து. பான்யோரேஜோவில் இறங்கினால் சிவித்தாவுக்குப் போகும் பாலத்துக்கு அரை மணி நடை.

பெரிய பெட்டியை ரோமிலேயே லக்கேஜ் ரூமில் போட்டுவிட்டு, தோள்பை மட்டும் கொண்டுபோ. பாலம் 1965இல் கட்டிய கான்கிரீட் நடைபாலம், ஏறத்தாழ 300 மீட்டர். கார் போகாது. முக்கால்வாசி சுலபம், கடைசியில் நல்ல ஏற்றம். தங்கச்சிக்கு முழங்கால் வலி என்று எழுதியிருந்தாயே, வெயில் தாழ்ந்தபின் கைப்பிடியைப் பிடித்து நிதானமாக ஏறட்டும். நிழலே கிடையாது, காற்றும் தள்ளும். பார்க்க வருகிறவர்களிடம் தலைக்கு 5 யூரோ வாங்குகிறார்கள். தங்குகிறவர்களுக்கு எப்படி என்று ரூம்காரரிடமே கேட்டுக்கொள். அவர் பாஸ்போர்ட்டை வாங்கிப் பதிவுசெய்தால் பதறாதே, போலீசுக்கு விவரம் அனுப்புவது அந்த நாட்டுச் சட்டம்.

ஊர் ஏன் காலியானது என்று கேட்டிருந்தாய். மேலே எரிமலைச் சாம்பல் இறுகிய டஃப் கல், அடியில் பழைய கடலின் களிமண். இருபுறமும் ஓடைகள். மழையும் ஓடையும் களிமண்ணை அரித்துவிட, பிடிமானம் இழந்த கல் விளிம்பிலிருந்து பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது. கல் கெட்டியானதுதான், கோளாறு அதன் காலடியில். 1695 பூகம்பத்துக்குப் பிறகு பிஷப்பே பான்யோரேஜோவுக்கு மாறிவிட்டார். புனித பொனவெந்தூரா என்ற கிறிஸ்தவ ஞானி பிறந்த வீடு இருந்த இடமே பள்ளத்தாக்கில் போய்விட்டது. வாசலைத் தாண்டியதும் ஒரு மாளிகைச் சுவரைப் பார்: ஜன்னல்கள் வரிசையாக இருக்கும், எட்டிப் பார்த்தால் உள்ளே அறை இல்லை, ஆகாயம்தான். அலெமான்னி மாளிகையில் நிலச்சரிவுக்கென்றே ஒரு மியூசியம் வைத்திருக்கிறார்கள். சான் தொனாத்தோ தேவாலயத்தைவிட நான் இதற்குத்தான் முதல் ஓட்டுப் போடுவேன். உன் சிவில் இன்ஜினியர் மூளைக்கும் அதுதான் தீனி.

ஊரைச் சுற்றிவர அரை மணி போதும். விளிம்புகளில் வேலி தாண்டிப் போட்டோ எடுக்கும் உன் பழக்கத்தை இங்கே விட்டுவிடு. காலடி மண் எப்போது இளகும் என்று தெரியாது.

சாப்பாட்டு விஷயம். மளிகைச் சாமான், பால், பழம் எல்லாம் பான்யோரேஜோவிலேயே வாங்கிக்கொள். மதியம் ஒரு மணிக்குக் கடையடைத்தால் நான்கு, ஐந்துக்குத்தான் திறப்பார்கள். ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்கு முன் கிடைக்காது. சைவத்துக்கு லோம்பிரிக்கெல்லி கேள்: மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துக் கையால் உருட்டிய தடித்த பாஸ்தா. குழம்பு மட்டும் தக்காளி, பூண்டு என்று சொல்லி வாங்கு. பீன்ஸ் சூப் சைவம்போலத் தெரியும், பன்றிக்கொழுப்பில் தாளித்திருப்பார்கள். பெக்கோரினோ பாலாடைக்கட்டியிலும் பாலை உறையவைக்கக் கன்று, ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் உறை சேரும். தங்கச்சி விரதக்காரி, அதனால் சொல்கிறேன். ரொட்டியில் உப்பே இருக்காது. அங்கே வழக்கமே அதுதான். ஊறுகாய் பாட்டில் ஒன்று போட்டுக்கொள்.

ஏப்ரல் கடைசி அல்லது அக்டோபர் முதல் பாதி நல்லது. குளிர்காலத்தில் கல்வீடு சூடேற வெகுநேரம் பிடிக்கும், ஹீட்டர் எப்படி என்று முன்பே விசாரி.

தேதி முடிவானதும் எழுது. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் விசாரிப்பு.

அன்புடன்,
சேது