சோதனைக் குழாய் உடையலாம், போர்டு கருகக் கூடாதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நீடாமங்கலத்தில் பம்பு மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். மகள் பிளஸ் ஒன்னில் கணினி அறிவியல் படிக்கிறாள். மேல்நிலை வகுப்புகளுக்கு ரோபோட்டிக்ஸ் சொல்லித்தர வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அதற்காக வாங்கிய கருவிப் பெட்டி பீரோவுக்குள் பூட்டிக் கிடப்பதை எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பார்த்தேன்.

காரணம், பள்ளிப் பொருட்களைக் கணக்கெழுதும் ஸ்டாக் ரிஜிஸ்டர். வேதியியல் ஆய்வகத்தில் சோதனைக் குழாய் உடைந்தால் எழுதி வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார்கள். ஒரு பிள்ளை பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்து ஆர்டுயினோ போர்டு (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) கருகிவிட்டால் மட்டும் ஆசிரியர் ஆடிட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்புறம் அவர் எப்படித் தைரியமாகத் திறப்பார்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

பாடத்திட்டம் தடையே இல்லை. நிரல் எழுதும் மொழிகளில் பதினோராம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான் இருக்கிறது. ஆர்டுயினோவுக்கு எழுதுவதும் சி பிளஸ் பிளஸ்தான். திரையில் கூட்டல் கணக்குக்கு விடை வரவைக்கும் பிள்ளையால் வயலில் ஒரு கருவியையும் வேலை செய்ய வைக்க முடியும்.

உதாரணத்துக்கு, மலிவாகக் கிடைக்கும் இரண்டு கால் ஈரப்பத சென்சாரைச் சேற்றில் ஊன்றி, விடாமல் மின்சாரம் கொடுத்தால் ஒரு கால் அரித்துப் போகும். வேதியியலில் படிக்கும் மின்னாற்பகுப்பு அங்கே கண்முன்னே நடக்கிறது. அளவெடுக்கும் நொடிக்கு மட்டும் மின்சாரம் போகும்படி நிரலை மாற்றினால் கால் நெடுநாள் தாங்கும். வேதாரண்யம் பக்கம் உப்பேறிய மண்ணில் அதே சென்சார், இருப்பதைவிடக் கூடுதல் ஈரமாகக் காட்டும். அதை எப்படிச் சரிசெய்வது என்று யோசிக்கத் தொடங்கினால் அந்தப் பிள்ளை பொறியியல் படிக்கத் தொடங்கிவிட்டது என்றே சொல்வேன். கிட்டில் வரும் பொம்மைக் காரைக் கோட்டின்மேல் ஓட்டுவதில் இவ்வளவு கிடைக்காது.

நெல்வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் கட்டும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில், துளையிட்ட குழாயை வயலில் இறக்கி, நீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு பாய்ச்சச் சொல்கிறார்கள். அந்தக் குழாயில் ஒரு மிதவை சுவிட்சை வைத்து, மட்டம் இறங்கியதும் செல்போனுக்குச் செய்தி அனுப்ப வைப்பது பிளஸ் ஒன் பிள்ளைகளால் முடிகிற வேலை. மேட்டூர் தண்ணீர் தாமதமாகும் வருடத்தில் இதன் அருமை கடைமடைக்காரர்களுக்குத் தெரியும். மோட்டார் ஸ்டார்ட்டர் பக்கம் மட்டும் பிள்ளைகளை விடக் கூடாது. மூன்று பேஸ் மின்சாரம் விளையாட்டல்ல. 5 வோல்ட்டோடு அவர்கள் நிற்கட்டும், மற்றதை எங்களைப் போன்றவர்கள் பார்த்துக்கொள்கிறோம். பள்ளி கூப்பிட்டால் கடையைச் சாத்திவிட்டு வரத் தயார்.

பள்ளிக் கல்வித்துறை ஓர் உத்தரவு போட்டால் போதும். போர்டு, சென்சார், வயர், பேட்டரி எல்லாவற்றையும் அமிலம், சோதனைக் குழாய் போலச் செலவாகும் பொருளாகக் கணக்கில் எழுத அனுமதிக்க வேண்டும். உடைவதற்கென்று வருடந்தோறும் ஒரு சிறு தொகையும் ஒதுக்க வேண்டும். சம்பா நடவுக்கு முன்பே அந்த உத்தரவு வந்தால், இந்தப் பருவத்திலேயே பிள்ளைகள் வயலில் இறங்கலாம்.

இப்படிக்கு,
பிளஸ் ஒன் மாணவியின் தந்தை,
நீடாமங்கலம்.