பலாலியால வா மச்சான்

மச்சான்,

ஜூலையில வாறன் எண்டு எழுதினாய், பெரிய சந்தோசம். ஆனா கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா எயாப்போட்டில இறங்கி வான் பிடிச்சு இடுப்பு முறிய வராத, சென்னைக்கு வந்து அங்கயிருந்து எங்கட யாழ்ப்பாண எயாப்போட் பலாலிக்கு ஏறு. மனுசியின்ர கண் ஒப்பரேசன் முடிச்சுப்போட்டு நாங்களும் போன கிழமை அதாலதான் வந்தனாங்கள், விசிறி வச்ச சின்ன ஏடிஆர் பிளேன்தான், ஒண்டரை மணித்தியாலத்துக்குள்ள கீழ பனையும் செம்மண் தோட்டமும் தெரியுது.

உன்ர அப்பா சொல்லுறவரெல்லே, ரெண்டாம் உலகப்போரில வெள்ளைக்காரன்ர விமானப்படை போட்ட ரன்வே எண்டு, அது உண்மைதான். அதைவிட 1947 டிசம்பர் 10ம் திகதி எயர் சிலோன்ர முதல் பிளேன், ஒரு டக்கோட்டா, கொழும்புக்குக் கிட்ட ரத்மலானையில வெளிக்கிட்டு இஞ்ச இறங்கித்தான் மெட்ராசுக்குப் போனதாம். நாடு சுதந்திரம் வாங்க முதலே எங்களுக்கு மெட்ராசுக்கு பிளேன் இருந்திருக்கு பார்!

எனக்கெண்டா பலாலி எண்டோன்ன 2007தான் ஞாபகம் வரும். சண்டையால யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 ரோட்டு பூட்டிக் கிடந்த நேரம் நாங்கள் ரெண்டு பேரும் ஆமியிட்ட கிளியரன்ஸ் எடுத்து, அவங்கட காம்புக்குள்ளால கொழும்புக்குப் போனமே, பாக்கை மூண்டு தரம் கொட்டிக் காட்டி, கடைசியா நீ கொண்டுவந்த பனங்கட்டிக் குட்டானையும் ஒவ்வொண்டா உடைச்சுப் பாத்தாங்கள். பிளேனுக்குள்ள இருந்து அந்தத் தூளைத்தான் ரெண்டு பேரும் நக்கினது.

2019 ஒக்டோபர்ல சர்வதேச விமானநிலையம் எண்டு திறந்து, அஞ்சு மாசத்தில கொரோனாவோட பூட்டி, திரும்ப 2022 டிசம்பர்லதான் சென்னை பிளேன் வந்தது. ரன்வே இப்பவும் விமானப்படை பேஸுக்குள்ளதான், டேர்மினல் ஒரு கரையில ஒதுங்கி நிக்குது. போனைத் தூக்கிப் படம் எடுக்க வெளிக்கிடாத, உன்ர பழக்கம் எனக்குத் தெரியும்.

ரன்வேயை நீட்டினா பெரிய பிளேன் வரும் எண்டு எல்லாரும் கதைக்கினம். எனக்கும் ஆசைதான், ஆனா ஆற்ற காணிக்குள்ளால நீட்டுறது? 1990ல சண்டைக்குள்ள உடுத்த உடுப்போட ஓடிவந்த சனம் இன்னும் காணிக்கு அலையுது, எங்கட மாமியின்ர வளவும் காம்ப் வேலிக்கு அங்காலதான். பிளேன் இறங்கேக்க மனுசி கண்ணாடியோட முகத்தை ஒட்டிக்கொண்டு அந்த வளவுக் கிணத்தைத் தேடினவ, ஒப்பரேசன் செய்த கண் வேற.

பெட்டியைப் பாரமாக் கட்டாத, சின்ன பிளேன். நாள் முடிவானோன்ன எழுது, ஓட்டோவோட வந்து நிப்பன்.

உன்ர பழைய கூட்டாளி