வில் டேமேஜ்: எந்தப் பதிப்பில் எந்த மாடிஃபையர்?

குழுவில் டன்ஜன்ஸ் & டிராகன்ஸ் என்ற பகடை விளையாட்டை இரண்டு மேசைகள் 3.5 பதிப்பிலும் ஒன்று ஐந்தாம் பதிப்பிலும் ஆடுவதால் வில் கணக்கு அடிக்கடி குழம்புகிறது. கேரக்டர் ஷீட்டை (உங்கள் பாத்திரத்தின் விவரத் தாள்) திறந்து வைத்துக்கொண்டு படிக்கவும்.

ஐந்தாம் பதிப்பு எளிது. லாங்போவுக்கு (நீள வில்) அட்டாக் (அடி படுகிறதா என்ற உருட்டு), டேமேஜ் (பட்டால் எவ்வளவு சேதம்) இரண்டிலும் டெக்ஸ்டெரிட்டி (டெக்ஸ், அதாவது சுறுசுறுப்பு) மாடிஃபையர்தான்; மாடிஃபையர் என்பது அந்த மதிப்பெண்ணிலிருந்து வரும் கூட்டல் அல்லது கழித்தல் எண். டெக்ஸ் 16 என்றால் டேமேஜ் 1டி8+3 (ஒரு எட்டுமுகப் பகடை, அதோடு 3). ஸ்ட்ரெங்த் (பலம்) 18 இருந்தாலும் அம்புக்குப் பயனில்லை; ஈட்டி எறிந்தால்தான் அது உதவும். கிரிட்டிக்கலில் (மிகச் சிறப்பாக விழுந்த அடி) பகடை மட்டும் இரட்டிப்பு, +3 ஒரு தடவைதான்.

3.5-ல்தான் சிக்கல். அட்டாக்குக்கு டெக்ஸ். சாதாரண வில்லில் டேமேஜோடு எந்த போனஸும் சேராது. ஆனால் ஸ்ட்ரெங்த் 8 என்றால் -1 கழியும், இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்ட்ரெங்த் போனஸ் வேண்டுமென்றால் காம்போசிட் வில் வாங்க வேண்டும். காம்போசிட் லாங்போ 100 பொற்காசு, ஒவ்வொரு +1 ரேட்டிங்குக்கும் (எவ்வளவு ஸ்ட்ரெங்த் போனஸ் வரை அந்த வில் தரும் என்ற எண்) இன்னொரு 100. ஸ்ட்ரெங்த் 18-க்கு ஏற்ற +4 வில் 500 ஆகும்; டேமேஜ் 1டி8+4, கிரிட்டிக்கல் அடித்தால் எல்லாமே மூன்று மடங்காகி 3டி8+12. +2 வில்லை எடுத்தால் உங்கள் பலம் எவ்வளவு இருந்தாலும் +2தான். பலத்தை மிஞ்சிய ரேட்டிங் வாங்கினால் அட்டாக்கில் -2. புதையலில் கிடைத்த +4 வில்லைத் திருடன் தூக்கிக்கொண்டு ஓடும்முன் இதைப் பார்க்கவும்!

இதே வகையான இன்னொரு விளையாட்டான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்புக்கு மாற நினைப்பவர்களுக்கு: காம்போசிட் வில்லில் ஸ்ட்ரெங்த் மாடிஃபையரில் பாதி டேமேஜோடு சேரும், கீழ்நோக்கி முழுமையாக்கி. +3 இருந்தால் +1தான். மைனஸ் என்றால் முழுசாகவே கழியும்.

நிஜத்தில் போர்வில்லை இழுக்க நல்ல தோள்பலம் வேண்டும். அந்த வகையில் 3.5-தான் நியாயம், கணக்கு கொஞ்சம் கூடினாலும்.

சனிக்கிழமைக்குள் ஷீட்டில் வில்லின் ரேட்டிங்கைத் தனியாக எழுதி வைக்கவும்.